கை நடுங்கும் முன்பே தெரியும் அடையாளங்கள்

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியபோது குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீயின் கை நடுங்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 1984இல், 42 வயதிலேயே, அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்துவிட்டது. இந்நோயை நாம் நடுக்குவாதம் என்கிறோம். அந்தப் பெயராலேயே, நடுக்கம் இல்லையென்றால் நோயும் இல்லை என்று இருந்துவிடுகிறோம்.

உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது இது. அத்தர் வாசனையே தெரியவில்லை என்பது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கை காலை உதறுவது ஆகியவை சிலருக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கும். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பின்வருபவையும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும்.

பள்ளிவாசலுக்கு நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. கால் தரையைத் தேய்க்கும். ஸஜ்தாவிலிருந்து எழ நேரமாகும். சட்டைப் பொத்தான் போட முடியாது, கையெழுத்து வரவரச் சிறுத்துவிடும், குரல் தாழும். முகத்தில் சிரிப்பு மறையும். "அத்தாவுக்கு எப்பவும் கோபம்" என்று பிள்ளைகள் ஒதுங்குவார்கள். பாவம், அவர் கோபத்தில் இல்லை.

நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், கை சும்மா இருக்கும்போது வரும். விரல்கள் தஸ்பீஹ் மணி உருட்டுவது போல அசையும். திக்ரு செய்கிறார் என்றே நாம் நினைத்துவிடுவோம்! டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்குவது பெரும்பாலும் வேறு வகை.

ஆவூர் போன்ற ஊர்களில் இதையெல்லாம் வயோதிகம் என்று விட்டுவிடுவதே வழக்கம். ஓதிப்பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. அதிலேயே ஆறு மாதம் கடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம். திருச்சி பக்கம்தான், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதை உறுதி செய்ய வழக்கமான ரத்தப் பரிசோதனை உதவாது. மருத்துவர் நடக்கச் சொல்லி, கையை மடக்கிப் பார்த்தே அறிகிறார். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டு போங்கள். வாந்தி, மனநோய் மருந்துகள் சிலவும் இதே அடையாளங்களைக் காட்டும்.

லெவோடோபா மாத்திரை நோயை அடியோடு தீர்க்காது, ஆனால் அசைவை மீட்டுத் தரும். பூனைக்காலி விதையிலும் அதே பொருள் இருக்கிறது. அதற்காக மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து.

ரமளானில் நோன்புக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் உடல் இறுகி, உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கான சலுகை அல்பகரா 184ஆம் வசனத்திலேயே இருக்கிறது. நோன்பு வைக்கலாமா என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் ஃபித்யாவைப் பற்றி உங்கள் இமாமிடம் பேசுங்கள்.