இல்லற வரவுசெலவில் விடுபட்ட கணக்கு

தோற்றுவாய்

இல்லறம் என்னும் சொல்லில் இல்லும் உண்டு, அறமும் உண்டு. இல்லத்தை நடத்தப் பொருள் வேண்டும். அப்பொருளை முறையாக வகுத்துச் செலவிட அறிவு வேண்டும். அவ்வறிவு வீட்டிலுள்ள எவரையும் வருத்தாமல் செயற்பட அறவுணர்வு வேண்டும். அளவான மாத ஊதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவோர் முதலிரண்டையும் குறித்து நிரம்பவே பேசுகின்றனர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனைச் சற்று விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் காட்டும் இரு இடங்கள்

வரவு சிறிதாயினும் செலவு விரியாதிருப்பின் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் வைத்துள்ளார். அது அரசனுக்குரிய வலிமைகளை ஆராயும் அதிகாரம். அறத்துப்பாலிலோ, வாழ்க்கைத் துணைநலம் என்னும் 6ஆம் அதிகாரத்தின் முதற்குறள், கணவனின் வளத்திற்கு ஏற்ப வாழ்வதை மனைவியின் மாண்பாகக் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நாட்டின் கணக்கு அரசனின் பொறுப்பு. வீட்டின் கணக்கோ நெடுங்காலமாகவே பெண்ணின் பொறுப்பாக எண்ணப்பட்டு வந்துள்ளது. இன்று மனைவியும் வெளியே சென்று ஊதியம் ஈட்டுகிறாள். ஆயினும் அப்பொறுப்பில் பங்கு கொள்ள மற்றவர் முன்வந்தாரில்லை.

மாதக் கணக்கின் இயல்பு

ஊதியம் மாதந்தோறும் ஒரே அளவில் வருகிறது; செலவு அவ்வாறு வருவதில்லை. மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. 14.2 கிலோ எரிவாயு உருளை எம் இல்லத்தில் ஏறத்தாழ நாற்பது நாளில் தீர்கிறது. ஆதலின் அச்செலவு எந்த மாதத்தில் விழும், எந்த மாதத்தில் விழாது என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. பள்ளிக் கட்டணம் ஜூன் மாதத்தில் மொத்தமாக வந்து நிற்கிறது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மற்றொன்றும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவுடையதாதலின் பெருநாட்கள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்துகொண்டே வருகின்றன. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஈகைப் பெருநாள் ஜூன் மாதத்திலேயே வந்தது. புத்தாடைச் செலவும் பள்ளிக் கட்டணமும் ஒரே ஊதியத்தில் போட்டியிட்ட அவ்வாண்டுகளை நம் இல்லத்தரசியர் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய செலவுகளை ஆண்டுக்கு இவ்வளவு என மதிப்பிட்டுப் பன்னிரண்டால் வகுத்து, அத்தொகையை மாதத் தொடக்கத்திலேயே தனி உறையில் இட்டுவிடுவது எம் வழக்கம். எஞ்சியதே அம்மாதச் செலவுக்குரிய உண்மையான ஊதியம் ஆகும். இவ்வளவில் இது எவரும் பின்பற்றத்தக்க எளிய முறையே. இடர்ப்பாடு இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

பணத்திற்கு ஈடாக நேரம்

சிக்கனம் என நாம் போற்றும் செயல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். நியாய விலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிசையில் நிற்க வேண்டும்; பருப்பு வந்து எண்ணெய் வராதிருப்பின் மீண்டும் ஒருநாள் செல்ல வேண்டும். மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து அரைத்தால் பொட்டலத் தூளை விடச் செலவு குறையும். ஒரு விடுமுறை நாள் அதற்கே போய்விடும். கடையில் விற்கும் மாவை விட வீட்டில் ஆட்டும் மாவு மலிவானது. ஊறவைத்தல், ஆட்டுதல், கழுவுதல் என அதற்கும் வேலை உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்றாயிற்று. அப்பேருந்து வரும்வரை காத்திருக்கும் நேரமும் அச்சேமிப்பின் ஒரு பகுதியே.

இவற்றால் நாம் பெறும் தெளிவு ஒன்று உண்டு. பணத்தை மிச்சப்படுத்தும் செயல்களிற் பெரும்பாலானவை நேரத்தைக் கேட்கின்றன. வரவுசெலவு ஏட்டில் பணம் எழுதப்படுகிறது, நேரம் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவை யார் கொடுத்தார் என எவரும் கேட்பதுமில்லை.

எம் ஏட்டில் நேர்ந்த பிழை

இவ்வுண்மையை நாம் நூல்களிலிருந்து கற்றோமில்லை; சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையே எமக்கு இதனைக் கற்பித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எம் கணவருக்குப் பணியிடத்தில் கிடைத்துவந்த கூடுதல் நேர ஊதியம் நின்றது. கணக்கை எவ்வாறு புரட்டிப் பார்த்தும் வரவு போதவில்லை. ஆதலின் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மையாரை நிறுத்தினோம். மாதம் 1500 ரூபாய் மிச்சம் என ஏட்டில் எழுதிப் பெருமிதமும் கொண்டோம்.

அவ்வேலைகள் மட்டும் எங்கும் செல்லவில்லை. கல்லூரிக்குப் புறப்படும் அவசரத்தில் நாம் செய்தது போக எஞ்சியவை எம் மகளிடம் சென்றன. அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. காலையில் முக்கால் மணி நேரம் பாத்திரம் துலக்கவும் வீடு கூட்டவும், மாலையில் ஒரு மணி நேரம் துணி மடிக்கவும் இரவுச் சமையலுக்கு உதவவும் அவளை அழைத்தோம். ஒன்பதாம் வகுப்பில் படித்த மகனை அழைக்கவில்லை. அழைக்க வேண்டாம் என எண்ணியதும் இல்லை. அவன் நினைவு எமக்கு வரவே இல்லை என்பதே உண்மை.

காலாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண்கள் குறைந்தன. கடிந்துகொண்டோம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மேசை மேலிருந்த கணக்கேட்டைத் திறந்து, "உம்மா, மாதம் 1500 ரூபாய் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாருடையது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிரவு கணக்கிட்டோம். நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மாதத்திற்கு ஐம்பத்திரண்டரை மணி நேரம். நான்கு மாதங்களுக்கு 210 மணி நேரம். மிச்சம் பிடித்த தொகையோ 6000 ரூபாய். பொதுத்தேர்வு எழுத வேண்டிய ஒரு பெண்ணின் நேரத்தை, மணிக்கு முப்பது ரூபாய்க்கும் குறைவாக, அவளைக் கேளாமலேயே நாம் விற்றிருந்தோம். சேமிப்பு என நாம் எழுதியது அவளிடம் வாங்கிய கடன் ஆகும். வேலையை இழந்த அம்மையாரின் இல்லத்தில் அதே 1500 ரூபாய் பற்றாக்குறையாக எழுதப்பட்டிருக்கும் என்பதும் அன்றுதான் எமக்கு உறைத்தது. பின்னர் அவரை அழைத்தபோது அவர் வேறு வீட்டில் சேர்ந்திருந்தார்.

நாடளாவிய கணக்கு

இஃது எம் வீட்டில் மட்டும் நேர்ந்த பிழையன்று. நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். அவ்வாறு ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தாம். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு 2019இல் 315 நிமிடங்களாக இருந்த இந்நேரம், 2024 ஆய்வில் 305 நிமிடங்களாயிற்று. ஐந்தாண்டுகளில் குறைந்தது பத்து நிமிடம்.

எனினும் கணக்கில் ஏறாத இவ்வுழைப்பை உலகம் மெல்ல எழுதத் தொடங்கியுள்ளது. 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கணவர் வளைகுடா நாட்டில் பொருளீட்ட, மனைவி ஊரிலிருந்து இல்லத்தையும் மக்களையும் பேணிய குடும்பம் அது. அவளது இல்லப்பணியும் சொத்துச் சேர்வதற்குக் காரணமான பங்களிப்பே என்று கூறிய நீதிமன்றம், அச்சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்திற்கு உதவித் தொகை எனப் பெயரிடாது உரிமைத் தொகை எனப் பெயரிட்டதும் கருதத்தக்கது.

யாம் கண்ட தீர்வு

வரவுசெலவு ஏட்டின் வலப்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதினோம். இன்ன வேலை, இவ்வளவு நேரம், இன்னார் எனப் பெயருடன் எழுதினோம். முதல் வாரத்தில் இரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. அதைக் கண்ட எம் கணவர் காலையில் தண்ணீர் பிடிப்பதையும் காய் நறுக்குவதையும், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதையும் தம்முடையவை எனத் தாமே எழுதிக்கொண்டார். இரவுப் பாத்திரங்கள் மகனுக்கு என்றாயின.

"ஆண்பிள்ளை கையில் பாத்திரம் துலக்கும் நாரைக் கொடுப்பதா?" என்று எம் மாமியார் வருந்தினார். அவருடைய வருத்தம் புரியக்கூடியதே. அவர் வளர்ந்த காலம் அத்தகையது. எம் கணவர் அவர் அருகில் அமர்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரீ நபிமொழித் தொகுப்பில் உள்ளதை நினைவூட்டினார். மாமியார் சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் முதல் பூண்டு உரித்தலும் கீரை ஆய்தலும் தம் வேலைகள் என்றார்.

சில வேலைகளை விட்டும்விட்டோம். மூன்று வகைக் கறி இரண்டாயிற்று. தேய்த்த துணி வெளியில் செல்வோருக்கு மட்டும் என்றாயிற்று. விருந்தினர் வருகையில் ஒரு பலகாரம் குறைந்தது, உறவு குறையவில்லை.

நிறைவுரை

எம் மகள் பொதுத்தேர்வில் தேறினாள். அவள் விரும்பிய பாடப்பிரிவுக்குச் சில மதிப்பெண்கள் குறைந்தன. வேறொரு பிரிவில் சேர்ந்து படித்தாள். அக்குறைவுக்கு அந்த நான்கு மாதங்களே காரணம் என அறுதியிட்டுக் கூற இயலாது. காரணம் அல்ல என்று கூறவும் எமக்கு வாய் எழவில்லை.

மாணவச் செல்வங்கள் இன்று இல்லம் திரும்பியதும் ஒரு தாளை எடுத்து, தம் வீட்டில் எந்த வேலையை யார் செய்கிறார் எனப் பெயரிட்டு எழுதிப் பார்க்கட்டும். பெரியோர்கள் அத்தாளைப் பொறுமையுடன் படித்துப் பார்க்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். பணத்தை அளக்க நாம் கற்றுள்ளோம். ஒருவர் நமக்காகத் தரும் நேரத்தையும் அளக்கக் கற்போமாக. அப்பொழுதே இல்லறம் என்னும் சொல்லின் பிற்பாதி நிறைவுறும்.