மீன்தொட்டிப் பாசியும் பாசியுண்ணும் மீன்களும்

இல்லங்களிலே கண்ணாடித் தொட்டி அமைத்து வண்ணமீன் வளர்க்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. தொட்டி வைத்த சில வாரங்களுள் கண்ணாடியிலும் கல்லிலும் பச்சையாகவோ கபிலமாகவோ ஒரு படலம் படரும். சுரண்டச் சுரண்ட அது மீண்டும் படர்வது கண்டு சலித்தோர், பாசியுண்ணும் சிறு மீன்களை வாங்கித் தொட்டியில் விடுவர். இம்முறை எவ்வளவிற்குப் பயன் தரும் என்பதும், யாழ்ப்பாணத்து நீருக்கு எத்துணைப் பொருந்தும் என்பதும் ஆராயற்பாலன.

பாசி வளர்வதற்கு ஒளியும் காபனீரொட்சைட்டும் நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய உப்புக்களும் வேண்டும். மீன் உண்ணாது எஞ்சிய இரையும் மீனின் கழிவும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. தொட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. இறுதியில் எஞ்சும் நைத்திரேற்றோ பாசிக்கு உரம். ஆதலால், தொட்டியில் நாடோறும் இடும் இரையின் ஒரு பகுதி பாசியாக வெளிப்படுதல் இயல்பேயாம்.

இந்நைத்திரேற்றைக் குறைத்தற்கு எங்கும் கூறப்படும் வழி, தொட்டி நீரின் ஒரு பங்கை அகற்றிப் புதுநீர் வார்த்தலாகும். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவ்வழி எப்பொழுதும் பயன்படுவதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மக்கள் பெரும்பாலும் சுண்ணக்கற் பாறையில் அகழ்ந்த கிணறுகளையே நம்பி வாழ்கின்றனர். தோட்டங்களில் இடும் பசளையும், எருவும், மலக்குழிக் கசிவும் மழைநீரோடு மண்ணினூடும் பாறைப் பிளவுகளினூடும் விரைந்து நிலத்தடி நீரைச் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். வேளாண்மை மிக்க பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடக்கப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய கிணற்று நீரைத் தொட்டியில் வார்ப்பவர், பாசியை ஒழிக்க எண்ணி அதற்கு உரமிட்டவராவர்.

இனி, மீன்களை நோக்குக. தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய ஒட்டோசிங்க்ளஸ் என்னும் சிறுமீன் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமே வளரும். உறிஞ்சும் வாயினால் இலையிலும் கண்ணாடியிலும் படர்ந்த மென்பாசியை மேய்வதில் இது வல்லது. ஆயினும் மென்னீரை விரும்புவதாகலின், சுண்ணம் மிகுந்த வன்னீரில் இதனைப் பேணுதல் எளிதன்று. பாசி படராத புதுத்தொட்டியில் விட்டால் பட்டினியால் மடியும். சயாமியப் பாசியுண்ணி நூற்பாசியை நன்கு உண்ணும். ஆனால் 15 சென்ரிமீற்றர் வரை வளருமாதலின் சிறுதொட்டிக்கு ஆகாது. சீனப் பாசியுண்ணி எனப்படுவதோ முதிர்ந்தபின் பிற மீன்களின் உடலிற் பற்றி அவற்றின் வழுவழுப்பை உரிஞ்சும். இலங்கைக்கே உரிய கரா சிலோனென்சிஸ் என்னும் மீன் கற்களிற் பாசியை மேய்வதாயினும், ஓடும் நீருக்கே பழகியது. யாழ்ப்பாணத்து வன்னீருக்கு இயைந்தது மொலி மீனே. சிறிது உவர்ப்பையும் தாங்கும் இம்மீன் பாசியை விருப்புடன் கொறிக்கும்.

எனினும் எம்மீனும் முழுமையான தீர்வு தருவதில்லை. உண்ட பாசியிலுள்ள நைதரசனின் பெரும் பகுதி கழிவாகி மீண்டும் நீரையே சேரும். மேலும், நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபற்றீரியாவைப் பெரும்பாலான மீன்கள் தீண்டுவதில்லை. ஆகவே முதலில் காரணங்களைக் குறைத்தல் வேண்டும். தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, விளக்கை நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்தின் மேல் எரியாது விடுக. இரையைச் சில நிமிடங்களில் உண்டு முடியுமளவே இடுக. விரைந்து வளரும் வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களை நட்டால் அவை நைத்திரேற்றை ஈர்த்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாரியிலே தூய கூரையினின்று சேமித்த மழைநீரைக் கிணற்று நீரோடு சிறிது சிறிதாகக் கலந்து வார்ப்பின் நைத்திரேற்றும் வன்மையும் ஒருங்கே குறையும். இவற்றின்பின் எஞ்சும் பாசிக்கே மீனைத் துணை கொள்ளல் தகும்.

தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று விற்கப்படும் டெரிகோப்ளிக்திஸ் குறித்துத் தனியே எச்சரித்தல் அவசியம். விரலளவினதாக வாங்கும் இது, வளர்ந்தபின் 40 சென்ரிமீற்றரையும் எட்டும். தொட்டியில் அடங்காத நிலையில் சிலர் இரக்கத்தினால் அதனைக் குளத்தில் விட்டுவிடுகின்றனர். தென்னமெரிக்காவுக்குரிய இம்மீன் இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளிற் பெருகியுள்ளது. கரைகளிலே வளை தோண்டுவதும் வலைகளைக் கிழிப்பதும் இதன் இயல்பு. மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்துக் குளங்கள் பல நிரம்பி வழிந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. வழுக்கையாறும் அப்போது ஓடி அராலிப் பக்கத்தே கடனீரேரியை அடைகின்றது. ஒரு குளத்தில் விட்ட மீன் அக்குளத்தோடு நிற்குமென்று கொள்ள இயலாது. வேண்டாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தல் அல்லது வளர்க்க வல்லாரிடம் ஒப்படைத்தல் முறையாம்.

பச்சை படர்ந்த தொட்டி கிணற்று நீர் கெட்டதற்குச் சான்றாகாது. ஒளியும் இரையும் மிகுந்தாலும் பாசி படரும். ஆயினும் அவ்விரண்டையும் குறைத்தபின்னும் பாசி அடங்காதாயின், கிணற்று நீரைப் பரிசோதித்தல் நன்று. நைத்திரேற்று மிக்க நீரிற் கரைத்த புட்டிப்பால் சிசுக்களின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்து உயிருக்கே ஊறு விளைக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். மீனுக்கு வார்க்கும் நீரும் மழலைக்கு ஊட்டும் நீரும் ஒரே கிணற்றினவாதலின், தொட்டிப் பாசியை ஆராயப் புகுந்தவர் தம் கிணற்றையும் ஆராய்தல் கடனாகும்.