பம்பு செட்டும் உத்தரவாதச் சீட்டும்

கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் மோட்டார் ஓடாவிட்டால் பயிர் வாடுவது திண்ணம். ஆகவே மோட்டார் வாங்கும் நாளிலேயே, அது பழுதுபட்டால் யார் பொறுப்பு என்பதையும் அறிந்து கொள்ளுதல் அவசியமாகும்.

சென்ற கோடையில் எங்கள் வட்டாரத்தில் இரு விவசாயிகளின் நீர்மூழ்கி மோட்டார்கள் ஒரே வாரத்தில் நின்றுபோயின. இரண்டும் உத்தரவாதக் காலத்திற்குள் இருந்தவையே. ஒருவர் அவசரத்தில் உள்ளூர்ப் பட்டறையில் மோட்டாரைப் பிரித்துவிட்டார். முத்திரை உடைந்திருந்தமையால் கம்பெனியார் பொறுப்பேற்க மறுத்தனர். மற்றவர் மோட்டாரைப் பிரிக்காமல், ரசீதுடனும் சீட்டுடனும் விற்பனையாளரிடம் சென்றார். மறுநாளே மெக்கானிக் வந்து, குறை தயாரிப்பில் உள்ளதெனக் கண்டு, மூன்றாம் நாள் செலவின்றிச் சரிசெய்து கொடுத்தார். அவருடைய நெல் தப்பியது.

உத்தரவாதம் என்பது பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கே பொருந்தும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை நின்று காயில் எரிந்தால் அதனைப் பலர் ஏற்பதில்லை. அந்நிலையில் மோட்டாரைத் தானே நிறுத்தும் காப்புக் கருவியைப் பொருத்துவது நலம். சீட்டில் மோட்டாரின் எண், விற்பனைத் தேதி, கடை முத்திரை ஆகியவை உள்ளனவா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே எடுக்கும் கூலி யாருடையது என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும்.

கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு உத்தரவாதத்தை நீட்டித்துத் தருவோரும் உண்டு. முதல் உத்தரவாதம் முடிந்த பின்னரே இது பயன்படும். எந்தப் பாகங்கள் அடங்கும், எவை அடங்கா என்பதைப் படித்தறிந்த பின்னரே பணம் செலுத்துக.

நியாயமின்றி மறுப்போரும் உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் பெறலாம்.

பஞ்சாயத்துக் குடிநீர் மோட்டார்களுக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். உத்தரவாதம் முடியும் தேதியை இருப்புப் பதிவேட்டில் குறித்துவைத்தால், பொதுப்பணம் வீணாகாது. ஊரின் குடிநீரும் தடைப்படாது. வாங்கிய ரசீதைப் பத்திரம்போல் காப்போமாக!