புல்டாக் குட்டி வாங்குமுன்...

மடிப்பு விழுந்த முகமும் குட்டைக் கால்களும் கொண்ட புல்டாக் குட்டியைக் கண்டால் பிள்ளைகள் மனத்தைப் பறிகொடுப்பர். நமக்கும் ஒன்று வேண்டுமெனப் பெற்றோரை நச்சரிப்பர். காஞ்சியை அடுத்த கூரம் போன்றதோர் ஊரில், அக்கினி நட்சத்திர வெயில் தகிக்கும் வீட்டில் அக்குட்டி எவ்வாறு வாழும் என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்ப்பது நம் கடமையன்றோ?

இவ்வினம் குளிர்நாடாகிய இங்கிலாந்தில் தோன்றியது. கட்டிவைத்த காளையின்மீது நாய்களை ஏவிக் களிக்கும் கொடிய விளையாட்டு ஒன்று அங்கே இருந்தது. அதற்கெனவே இந்நாய் வளர்க்கப்பட்டது. 1835இல் சட்டம் அவ்விளையாட்டைத் தடை செய்தது. பின்னர் இதனைக் கண்காட்சிக்கும் வீட்டுக்கும் உரிய நாயாக்கிய மனிதர், தலைமுறைதோறும் தேர்ந்து இணைசேர்த்து, முகத்தை மேலும் மேலும் தட்டையாக்கினர். முகவெலும்பு குறுகிற்று, உள்ளிருக்கும் தசை அந்த அளவுக்குக் குறுகவில்லை. ஆகவே நாசித்துளை ஒடுங்கி, மூச்சுவழி அடைபடுகிறது. தலை பெரிதாதலின் பெரும்பாலான குட்டிகள் அறுவை மூலமே பிறக்கின்றன. 2009இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப், இவ்வினத்துக்குரிய இலக்கணத்தைத் திருத்தி, மிகைப்பட்ட தோற்றத்தைக் குறைக்க முற்பட்டது.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாய்திறந்து இரைத்தே தன் சூட்டைத் தணிக்கிறது. புல்டாக்குக்கோ அவ்வழியும் குறுகியது. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே மாதத்தில் காஞ்சிப் பகுதியின் வெயிலே 40ஐத் தொடுவதுண்டு.

ஆயினும் வாங்கத் துணிந்தோர் சிலவற்றைக் கருத்தில் கொள்வாராக. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. தாயையும் கண்டு, அது எளிதாக மூச்சு விடுகிறதா எனக் கவனித்தபின் வாங்குக. ஆறாவது வாரம் முதல் எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியும் கால்நடை மருத்துவரின் சொற்படி போடுதல் வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னுமே வெளியே அழைத்துச் செல்லுக. கழுத்தை இறுக்கும் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் வாரே நன்று. முகமடிப்புகளை நாள்தோறும் மென்துணியால் துடைத்து ஈரம் போக்குக, இன்றேல் புண்ணாகும். உடல் பருத்தால் மூச்சு மேலும் திணறும்; ஆதலால் பாசத்தின் பேரில் மிகுதியாக ஊட்டாதீர்.

தறியுள்ள இல்லங்களில் தறிக்குழியை மூடி வைத்தல் நலம். பல் முளைக்கும் பருவத்தில் குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். பட்டுநூலை விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி உயிருக்கு உலை வைக்கும். கனத்த தலையும் குட்டைக் கால்களும் உடையதால் இந்நாய் நன்கு நீந்தாது. குளம், கிணற்றருகே தனியே விடலாகாது.

குட்டி ஓயாது இரைத்து, நாக்கு நீலம் பாரித்து, தள்ளாடினால் வெப்பத்தாக்குதலென அறிக. உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரூற்றி விசிறுக. ஈரத்துணியால் போர்த்தி வைக்காதீர். அவ்வாறு குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் விரைக. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிருக்குக் கேடு.

இவ்வளவும் நம்மால் இயலுமா என்று குடும்பமாக அமர்ந்து பேசுவோம். இயலாதெனில், நம் வெயிலுக்குப் பழகிய இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. தெருவில் ஆதரவற்றுத் திரியும் நாட்டுக்குட்டியும் அதே அன்பைப் பொழியும். புல்டாக்கைத்தான் வளர்ப்போம் எனில், அதன் எட்டு, பத்தாண்டு வாழ்நாளின் ஒவ்வொரு கோடையிலும் அதன் மூச்சுக்கு நாமே பொறுப்பு. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிவிட்டுப் பின்னர் குட்டியை வாங்குவோம்.