துருவன் தெரியாத ஊரில் ஒரு தொலைநோக்கி

மலேசியாவின் கெமாஸ் தோட்டங்களில் கல்யாண ஜோடிக்கு அருந்ததியைக் காட்டிவிடலாம். துருவனைக் காட்டுவதுதான் கஷ்டம். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2.6 பாகைதான். துருவ நட்சத்திரமும் ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம் என்று வையுங்கள். செம்பனை மட்டை அதை மறைத்துவிடும்.

வாசலில் தொலைநோக்கி வைத்து வான்படம் எடுப்பவருக்கு முதல் சிக்கல் இதுதான். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், வானம் நொடிக்கு 15 கூறு நகர்கிறது. தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு கூடவே சுழலும் மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். துருவனைப் பார்த்துப் பொருத்து என்கின்றன கையேடுகள். பல மவுண்டுகளின் அச்சோ 10 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. முக்காலியின் வடக்குக் காலைக் குட்டையாக்கித்தான் நான் சமாளித்தேன். நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறைக்குத் துருவன் வேண்டாம். வானில் மூன்று இடங்களைப் படமெடுத்து, அச்சு எங்கே பார்க்கிறது என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லிவிடும்.

அச்சு சரியானாலும் பற்சக்கரங்களின் பிசகு இருக்கும். அதைத் திருத்துவதுதான் ஆட்டோகைடிங். சிறிய கேமரா ஒரு நட்சத்திரத்தையே பார்த்திருந்து, அது விலகினால் மவுண்டைத் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளினால் நட்சத்திரம் எங்கே போகும் என்று முதலில் கற்றுக்கொடுப்பதே கேலிபரேஷன். பிஎச்டி2 மென்பொருள் மேற்கே தள்ளும், திரும்பக் கொண்டுவரும். பிறகு வடக்கே, தெற்கே. என்னுடையது 200 மி.மீ. குவியத்தூரமுள்ள கைடு தொலைநோக்கி. கேமராவின் ஒரு பிக்சல் வானில் 3.9 கூறு. வானம் நகரும் வேகத்தில் பாதி வேகத்தில் தள்ளினால், கேலிபரேஷனுக்கு வேண்டிய 25 பிக்சல் கடக்கச் சுமார் 13 நொடி. அதைப் பன்னிரண்டு தள்ளலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குச் சற்றே மேல்.

இங்கேதான் நம் ஊரின் அதிர்ஷ்டம். கேலிபரேஷனுக்கு ஏற்ற இடம், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே உள்ள வான நடுக்கோடு. லண்டனில் அது 38 பாகை உயரத்தைத் தாண்டாது. நமக்கு உச்சந்தலைக்கு மேலேயே ஓடுகிறது, காற்றுப்படலம் மிக மெலிந்திருக்கும் இடத்தில். தென்வானமும் எட்ட வேண்டும் என்பது, வானியலாளர் வைனு பாப்பு வான் ஆய்வகத்துக்குத் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். கெமாஸ் அதைவிடப் பத்துப் பாகை தெற்கே!

சித்திரை நடுராத்திரியில் தென்வானத்தின் ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து இங்கே 40 பாகை உயரம் வரும். கிழக்கு மேற்காகத் தள்ளினால், உச்சியில் நகரும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அது நகரும். மவுண்டைக் கணினியோடு இணைத்திருந்தால் அந்த வித்தியாசத்தை மென்பொருளே சரிக்கட்டிவிடும்.

ஒருமுறை எல்லாவற்றையும் தானியங்கியிடம் விட்டுப் படுத்தேன். படமெடுத்த பொருள், வானைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் உச்சிக்கோட்டைத் தாண்டியதும் தொலைநோக்கி தானே மறுபக்கம் திரும்பியது. வடக்கு தெற்கு மாறியதைச் சொல்லும் ஒரே ஒரு அமைப்பை நான் தவறாக வைத்திருந்தேன். விலகலைத் திருத்தத் தள்ளிய ஒவ்வொரு தள்ளலும் விலகலைக் கூட்டியது. விடிந்து பார்த்தால் பாதிப் படங்களில் நட்சத்திரங்கள் கோடு கோடாக இழுத்துக் கிடந்தன. அழுகையே வந்துவிட்டது.

இப்போது திரும்பல் முடிந்ததும் பத்து நிமிடம் விழித்திருந்து, திரையில் விலகலைக் காட்டும் கோடு மட்டமாக ஓடுவதைப் பார்த்த பிறகே படுக்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு எழுந்தால், கடைசிப் படத்திலும் நட்சத்திரங்கள் புள்ளியாகவே இருக்கின்றன.