வயிற்றுக்குள் ஒரு வாழ்க்கை – 9: பந்தி மாறிய இரண்டு வாரங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கிராமவாசிகள் 20 பேர் ஹாம்பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்றாடம் மக்காச்சோளக் களியும் பயறும் உண்டு பழகியவர்கள் அவர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலோ, இறைச்சியும் பொரித்த பண்டங்களுமாகச் சாப்பிட்டுவந்த 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளப் பலகாரம், தட்டைப்பயறு, வெண்டைக்காய், மாம்பழத் துண்டுகள் பரிமாறப்பட்டன. இரு தரப்பினருக்கும் ஆய்வாளர்களின் கண்காணிப்பிலேயே சமையல் நடந்தது. இரண்டே வாரம்தான்.

பந்தியை இப்படி மாற்றிப் போட்டவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குடல் மருத்துவர் ஸ்டீபன் ஓ'கீஃப். காரணம் இருந்தது. பெருங்குடல் புற்றுநோய் அப்போதைய கணக்குப்படி ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 65 பேருக்கு வந்தது. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் 5 பேருக்கும் குறைவு. இரு சாராரின் வேரும் ஆப்பிரிக்காதான் என்னும்போது, இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பாதை போட்டவர் உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். ஆப்பிரிக்கா முழுக்க இருந்த மிஷன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, எந்த நோய் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த மனிதர். கிராமத்தாரின் மலத்தை எடைபோட்டார், படம்கூட எடுத்தார். எக்ஸ்ரேயில் தெரியும் சிறு குண்டுமணிகளை விழுங்கவைத்து, அவை எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகின்றன என்றும் சகாக்களோடு சேர்ந்து கணக்கிட்டார். 1972-ல் வெளியான முடிவு இது: உகாண்டா கிராமத்தார் ஒரு நாளில் கழித்தது 400 கிராமுக்கு மேல், உண்டது வெளியேற ஒன்றரை நாள். பிரிட்டிஷ் கடற்படையினர் கழித்தது 100 கிராம் சொச்சம், பிடித்த நேரம் மூன்று நாளுக்கு மேல். நார்ச்சத்தே காரணம் என்றார் பர்கிட். ஆனால், குடலுக்குள் அது என்ன செய்கிறது என்பதை அன்று அவரால் முழுதாகக் காட்ட முடியவில்லை.

ஓ'கீஃப் குழு அதைத்தான் பார்த்தது. ஆய்வின் தொடக்கத்தில் குழாய் விட்டுப் பார்த்தபோதே அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் குடலில் பாலிப் எனும் சதைமொட்டுகள் இருந்தன, அவை அகற்றப்பட்டன. ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் இல்லை. பிறகு உணவு மாறியது. அமெரிக்கர்களின் தினசரி நார்ச்சத்து 14 கிராமிலிருந்து 55-க்கு ஏறியது. ஆப்பிரிக்கர்களுக்கு 66-லிருந்து 12-க்கு இறங்கியது. கொழுப்பு இதற்கு நேர்மாறாக மாறியது. இரண்டு வாரம் கழித்து உட்சுவரிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளைச் சோதித்தால், அமெரிக்கர்களின் குடலில் அழற்சி அடங்கியிருந்தது. ஆப்பிரிக்கர்களுக்கோ அழற்சியும், உட்சுவர் செல்கள் பெருகும் வேகமும் கூடியிருந்தன. 2015-ல் இந்த ஆய்வு வெளியானது.

இதன் சூட்சுமம் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து இதைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இதுதான். எதிர்ப்பாற்றல் செல்களைச் சமாதானப்படுத்துவதும் இதுவே. உணவு மாறியதும் அமெரிக்கர்களுக்கு இது இரண்டரை மடங்கானது, ஆப்பிரிக்கர்களுக்குப் பாதியானது.

நார் வராவிட்டால் பாக்டீரியாக்கள் பட்டினி கிடப்பதில்லை. விதைநெல்லைக் குத்திச் சமைப்பதுபோல, குடல் சுவரைக் காக்கும் கோழைப் படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. எலிகளில் இது நடப்பதை 2016-ல் மகேஷ் தேசாய், எரிக் மார்ட்டென்ஸ் குழுவினர் காட்டினார்கள். கொழுப்பு மிகுந்தால் இன்னொரு தொல்லை: அதைக் கரைக்கப் பித்தநீர் கூடுதலாகச் சுரக்கிறது. பெருங்குடலுக்குத் தப்பி வரும் பித்த அமிலங்களைச் சில பாக்டீரியாக்கள் சுவரைப் புண்படுத்தும் அமிலங்களாக மாற்றிவிடுகின்றன.

ஓ'கீஃப் ஆய்வில் குறையும் உண்டு. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நார், கொழுப்பு, இறைச்சி எல்லாம் ஒரே சமயத்தில் மாறியதால், எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அழற்சி கூடியது என்பதற்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்றும் பொருளில்லை.

தென்னாப்பிரிக்கக் களியில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அதை ஆறவைத்தும் உண்பார்கள். ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போய் நாரின் வேலையைச் செய்கிறது. நம் பழைய சோற்றிலும் இது கொஞ்சம் நடக்கிறது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் நாளையே கட்டுக்கட்டாகக் கீரை தின்னலாமா? கூடாது. பழக்கமில்லாத வயிறு உப்பிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயால் குடல் சுருங்கியவர்களுக்கு முரட்டு நார் அடைப்பையே உண்டாக்கலாம். அந்த நோய் கிளர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு, சாப்பாட்டை அறவே நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரம் சத்துப் பானம் மட்டுமே கொடுக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. துளி நாரும் இல்லாத பானங்களும் அதில் உண்டு. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அழற்சி தணிகிறது! நார் இல்லாமலேயே இது எப்படி? தொழிற்சாலை உணவுகளில் சேரும் பால்மமாக்கிகள் மீது சந்தேகம் விழுந்த கதையோடு அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)