கம்பெனி பஸ்ஸில் ஏறும் கதைகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து வடக்குப்பட்டுக்குக் கருவி செய்யும் தொழில் புதிதல்ல. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் இங்கே அகழாய்வு நடத்தியபோது, ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே கற்கால மனிதர்கள் செதுக்கிய கருவிகள் கிடைத்தன. சங்க காலத்துக் கண்ணாடி மணிகளும், ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும், சில தங்க அணிகலன்களும் வெளியே வந்தன. பக்கத்திலேயே ஒரகடம். 2010-ல் ரெனால்ட்-நிசான் கார் ஆலை, 2012-ல் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று பத்திருபது ஆண்டுகளில் அடையாளம் மாறிப்போன பகுதி.

குழி வெட்டியதும் செய்தியானது, ஆலை வந்ததும் செய்தியானது. இரண்டுக்கும் நடுவே டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுகிறவர்களிடம் போய் "உங்களைப் பற்றி நீங்களே எழுதலாமே" என்றால், "போறோம், வர்றோம், தூங்கறோம். இதுல எழுத என்னா இருக்கு?" என்று சிரித்துவிடுவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் தமிழின் முக்கியமான நாவல்கள் பலவும் போய், வந்து, தூங்கிய ஆட்கள் எழுதியவை.

விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அவருடைய 'அஞ்சலை', முந்திரிக்காட்டுப் பக்கத்து விவசாயக் கூலிப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை. 'நெடுஞ்சாலை' நாவலோ நேரே டிப்போவுக்குள் நுழைகிறது. அதில் வருகிறவர்கள் தற்காலிகத் தொழிலாளர்கள். இன்றைக்கு டூட்டி உண்டா, வேலை எப்போது நிரந்தரமாகும், அதற்குள் வீட்டில் எதை அடகு வைப்பது என்பதுதான் அவர்கள் பாடு. ஒரகடத்தில் கான்ட்ராக்டில் இருக்கும் ஒருவருக்கு இந்த நாவலைக் கொடுத்தால் முன்னுரை தேவைப்படாது. கிரீஸ் கையோடு நின்ற இடத்தில் காதில் விழுந்த பேச்சையும் குணசேகரன் வீணாக்கவில்லை. வட்டார வழக்குகளைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று தனி நூலே போட்டார்.

அசோகமித்திரனுக்கு வாய்த்த வேலை இன்னும் சுவாரசியம் குறைந்தது. 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் இருந்த அவருடைய வேலைகளில் முக்கியமான ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவது. பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா இருக்கிறார் என்றே தோன்றும். அதனால் ஆளாளுக்கு அவருடைய அறைக்குள் வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போவார்களாம்! பிறகு 'கரைந்த நிழல்கள்' எழுதியபோது, நட்சத்திரங்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு புரொடக்‌ஷன் மேனேஜர், உதவி இயக்குநர், துணை நடிகை என்று படத்தில் பெயர் சரியாகத் தெரியாத ஆட்களை நடுவில் நிறுத்தினார். 'தண்ணீர்' நாவலுக்கு ஸ்டுடியோகூடத் தேவைப்படவில்லை. சென்னையில் குடத்தோடு தெருத்தெருவாக அலைந்த பெண்களும் காற்று மட்டுமே வந்த அடிபம்பும் போதுமானவையாக இருந்தன. எழுத வீட்டில் இடம் போதாமல் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். மலையடிவாரப் பங்களாவும் மழைச் சாரலும் இருந்தால்தான் எழுத்து வரும் என்கிறவர்கள் அந்தப் பூங்காவை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் அந்தத் தெருவையே கதைகளாக எழுதினார்; 2015-ல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். நாவலாசிரியர் சோ. தர்மன் கோவில்பட்டியில் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், போலீஸ் காவலில் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதை 'விசாரணை' படமாக எடுத்தார்.

வடக்குப்பட்டு வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான கதை பெருமாள்முருகனின் முதல் நாவலில் இருக்கிறது. 1991-ல் வந்த 'ஏறுவெயில்', குடியிருப்புக் காலனிக்காக நிலம் பறிபோன ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. நிலம் போன பிறகு கைக்கு வந்த பணமும், அந்தப் பணத்தால் உறவுக்குள் விழுந்த விரிசலும்தான் நாவலின் உயிர். தன் குடும்பத்துக்கு நேர்ந்ததிலிருந்து அதை எழுதியவர் அவர். சிப்காட் தொழிற்பேட்டை வந்த ஊர்களில் இதே கணக்கு எத்தனை வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டிருக்கும்? ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட அப்பா, அதே நிலத்தில் எழுந்த ஆலையின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பதும், மகன் ஐடி கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போவதும் இந்தப் பக்கத்தில் யாரும் கற்பனை செய்துதான் எழுத வேண்டிய காட்சி இல்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் பிறந்த நா. முத்துக்குமாரை ஊரே பாடலாசிரியராக அறியும். பாட்டுக்கு முன்பே அவரைக் கவனிக்க வைத்தது 'தூர்' என்ற சின்னக் கவிதை. வீட்டுக் கிணற்றைத் தூர் வாருகிறார்கள். தொலைந்துபோன சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேற்றோடு மேலே வருகின்றன. கடைசியில் பார்வை அம்மாவின் பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான். அந்தக் கவிதையைப் பாராட்டிப் பரவலாகப் பேசவைத்தவர் சுஜாதா. அவரே பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்தான். தூர் வாரப்பட்ட கிணறுகள் ஆயிரம் உண்டு. சேற்றோடு வந்த சாமான்களை ஓர் ஆள் வரிசையாக நினைவில் வைத்திருந்ததுதான் இந்தக் கிணற்றின் விசேஷம்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கானுக்குச் சீனாவின் ஷென்ஜென் நகரில் பிரம்மாண்டமான ஆலை உண்டு. அங்கே லைனில் நின்ற ஷு லிஜி என்ற கிராமத்து இளைஞர், கம்பெனியின் உள்சுற்றுப் பத்திரிகையிலேயே கவிதை எழுதத் தொடங்கினார். ஓவர்டைம் இரவில் தரையில் விழுந்த ஒரு ஸ்க்ரூ அவருடைய கவிதைகளில் ஒன்றுக்கு விஷயம். 2014 செப்டம்பரில், 24 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். கவிதைகள் தொகுப்பாக வந்ததும் பல மொழிகளுக்குப் போனதும் அதற்குப் பிறகு. எழுத்து அவரைக் காப்பாற்றியது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த லைனில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை உற்பத்திப் புள்ளிவிவரத்தைவிட அவருடைய சில வரிகள் துல்லியமாகச் சொல்கின்றன.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் காரணம். உலகம் முழுக்கச் செய்தி போனது. மறியலுக்கு முந்தின ராத்திரி அந்த அறைகளில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போன் செய்து என்ன பொய் சொன்னார்கள் என்பது எந்தச் செய்தியிலும் அடங்காது. அதை எழுத அந்த அறையில் படுத்திருந்த ஒருத்தியால்தான் முடியும்.

எழுத்துக்குக் கரு இல்லை என்ற புலம்பல் இந்தத் தடத்தில் எடுபடாது. இங்கே பஞ்சம் தூக்கத்துக்கு. எட்டு மணி நேர ஷிப்டு, அதன் மேல் ஓ.டி., போக வரப் பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நாவல் எழுது என்பது கொஞ்சம் அநியாயம்தான். குறிப்பு எழுதுவது அப்படியல்ல. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பல ஆலைகளில் கேட்டிலேயே போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே படம் எடுக்க வழியில்லை. எழுதுகிறவருக்கு இது நல்லதே. கம்பெனியின் ரகசியம் கம்பெனிக்குள்ளேயே இருக்கட்டும். கதைக்கு வேண்டியது எந்திரத்தின் வரைபடம் இல்லை. ஷிப்டு மாறும்போது ஒரு சேரின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து உட்கார்வது, கேன்டீனில் ஒடிசாக்காரர் சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டுப் பையிலிருந்து பச்சை மிளகாயை எடுப்பது, சம்பளம் ஏறிய மெசேஜ் வந்ததும் பஸ் முழுக்க ஒரே நேரத்தில் தலை குனிவது. இவற்றைக் கண்ணால் எடுத்துவந்து, ஸ்டிக்கரை உரித்த அதே போனில் பஸ் கிளம்புவதற்குள் நாலு வரி தட்டி வைக்கலாம். தூக்கக் கலக்கத்தில் தட்ட முடியாவிட்டால் குரலாகப் பதியலாம். 'இன்று களைப்பாக இருந்தது' என்ற குறிப்பு ஒரு மாதம் கழித்து எதற்கும் உதவாது. 'சேஃப்டி ஷூவைக் கழற்றியபோது சாக்ஸின் கோடு காலில் அச்சாக இருந்தது' என்பது உதவும்.

அப்படிச் சேர்த்ததை வெளியே கொண்டுவர வழியும் உண்டு. சிங்கப்பூரில் 2014 முதல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்றே கவிதைப் போட்டி நடந்திருக்கிறது. கட்டட வேலை பார்ப்பவர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் வங்காளம், தமிழ் உள்ளிட்ட தங்கள் மொழிகளிலேயே அதற்கு எழுதி அனுப்பினார்கள். ஒரகடத்தில் ஆயுத பூஜைக்கு எந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, கோலப் போட்டியும் கிரிக்கெட்டும் நடத்தத் தெரிந்த நிர்வாகங்கள் அந்தப் பட்டியலில் ஒரு கதைப் போட்டியையும் சேர்க்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்ட வேண்டும், எழுதுகிறவர்களுக்கு ஒரு நாள் ஓ.டி.யிலிருந்து விலக்குத் தர வேண்டும்.